கத்தரிக்கோல் கற்பித்த பாடம்

பன்னாட்டு வாணிகம் என்றவுடன் பொருளியல் மாணவர் நினைவுக்கு வருபவர் ரிக்கார்டோ. 1817ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில் உள்ள நான்கு எண்களை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். இங்கிலாந்தில் ஓர் அலகு துணிக்கு ஓராண்டில் 100 ஆட்களின் உழைப்பு வேண்டும். ஓர் அலகு திராட்சை மதுவுக்கு 120. போர்ச்சுக்கல்லில் துணிக்கு 90, மதுவுக்கு 80. ஆகவே, முன்னது துணியையும் பின்னது மதுவையும் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் இலாபம். பத்து மதிப்பெண் வினாவுக்கு இது போதும். தேர்வு முடிந்த மறுநாள் எண்களும் மறந்துவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் இவ்வழக்கம் ஒருநாள் மாறியது. இங்கிலாந்தின் ‘கிறிஸ்டியன் எய்டு’ என்னும் அறநிறுவனம் மாணவர்களுக்காக உருவாக்கிய வாணிக விளையாட்டு ஒன்றைத் தழுவி, எங்கள் பேராசிரியர் வகுப்பை ஆறு ‘நாடுகளாக’ப் பிரித்தார். இரண்டு நாடுகளுக்குக் கத்தரிக்கோல், அளவுகோல், காம்பஸ், நிறையப் ‘பணம்’. ஆனால் தாள் ஒன்றே ஒன்று. மற்ற நான்குக்குத் தாள்கள் உண்டு. கருவி எதுவும் இல்லை. சொன்ன அளவில் முக்கோணமும் வட்டமும் வெட்டிக் கொடுத்தால் ‘வங்கி’ விலை தரும். அதிகப் பணம் சேர்க்கும் நாடு வென்றது. விதி இவ்வளவே.

நான் தாள் வைத்திருந்த நாட்டைச் சேர்ந்தவன். முதல் ஐந்து நிமிடம் திருதிருவென்று விழித்தோம். கையால் கிழித்த முக்கோணத்தை, ‘அளவு சரியில்லை’ என்று வங்கி தள்ளிவிட்டது. வேறு வழியின்றிப் பக்கத்து நாட்டிடம் கத்தரிக்கோலை இரவல் கேட்டோம். நான்கு தாளுக்கு மூன்று தாள் வாடகை என்றார்கள். ஒப்புக்கொண்டோம்.

எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மறுத்திருந்தால் மிச்சமிருந்த ஒரு தாளும் வெறும் தாளாகவே இருந்திருக்கும். எனவே ரிக்கார்டோ சொன்னது பொய்யன்று. இலாபம் எங்களுக்கும் கிடைத்தது. ஆனால் எங்கள் பங்கு எவ்வளவு? அந்தக் கேள்வி எரிச்சலாகத்தான் முதலில் எங்களுக்குத் தோன்றியது.

நடுவில் வங்கி முக்கோணத்தின் விலையைப் பாதியாகக் குறைத்தது. தாள் வைத்திருந்த நான்கு நாடுகளும் கூடி, இனித் தாள் தருவதில்லை என்று முடிவெடுத்தோம். சிறிது நேரம் எங்கள் கை ஓங்கியது. பிறகு ஒரு நாடு இரகசியமாக விற்றது, கட்டுக் குலைந்தது. 1989 ஜூலையில் பன்னாட்டுக் காபி உடன்பாட்டின் ஏற்றுமதிப் பங்கீடுகள் கைவிடப்பட்டபோது காபி விலை ஏன் சரிந்தது என்பதை அதன்பின் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மணி அடிப்பதற்கு முன் பேராசிரியர் அதே நான்கு எண்களை மீண்டும் கரும்பலகையில் எழுதினார். ஓர் அலகு துணிக்கு 5/6 அலகு மதுவுக்குக் குறைவாகக் கிடைத்தால் இங்கிலாந்து மாற்ற வராது; 9/8 அலகுக்கு மேல் கேட்டால் போர்ச்சுக்கல் வராது. இவ்விரண்டுக்கும் இடையில் வாணிக வீதம் எங்கே நிற்கும்? ஒன்றுக்கு ஒன்று என்றால் இங்கிலாந்துக்கு 20 ஆட்களின் உழைப்பு மிச்சம். போர்ச்சுக்கல்லுக்கு 10 மட்டுமே. அந்த வீதம் எதனால் முடிவாகிறது என்பதற்கு 1848இல் மில் விடை தேடினார். மூலப்பொருள் விற்கும் நாடுகளுக்கு நெடுங்காலப் போக்கில் அவ்வீதம் பாதகமாகிறது என்று 1950இல் பிரெபிஷும் சிங்கரும் தனித்தனியே வாதிட்டனர். பிரெபிஷ் தலைமைச் செயலாளராக இருக்க, 1964இல் ஜெனீவாவிலும் 1968இல் புதுதில்லியிலும் நடந்த ஐ.நா. வாணிக, வளர்ச்சி மாநாடுகளின் அடிப்படைக் கவலை இதுவே. பாடநூலில் இந்த வரிகளை முன்பே படித்திருக்கிறோம். ஆனால் மூன்று தாளைப் பறிகொடுத்த பிறகுதான் அவை புரிந்தன.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. “வினாத்தாளில் கத்தரிக்கோல் வராது” என்றார் நண்பர் ஒருவர். பாடத்திட்டம் முடியாது, பக்கத்து வகுப்புக்கு இரைச்சல் என்பாரும் உண்டு. இரைச்சல் உண்மைதான். ஆனால் குறிப்பேட்டைப் பார்த்துப் பேராசிரியர் சொல்ல, தலைநிமிராமல் நாம் எழுதும் அமைதியான வகுப்பில் யார் கற்கிறார்கள்?

விளையாட்டிலும் குறை இல்லாமலில்லை. ஒருமுறை ஆடிவிட்டு எழுந்து போனால், வாணிகம் என்றாலே சுரண்டல் என்ற எண்ணமே மிஞ்சும். அதுவும் அரைகுறைப் பாடம்தான். கருவியற்றவர் என்றும் கருவியற்றவராகவே இருப்பதில்லை. 1960களின் தொடக்கத்தில் ஏழை நாடாக இருந்த தென்கொரியா பின்னர் எஃகும் கப்பலும் ஏற்றுமதி செய்யும் நாடாக உயர்ந்தது. ஆகவே குழுக்களை மாற்றி இரண்டாம் முறை ஆட வேண்டும். சேர்த்த பணத்தில் கத்தரிக்கோல் வாங்க வழி விட வேண்டும். ஆடிய நேரத்துக்குச் சமமான நேரம் விவாதிக்க வேண்டும். விவாதம் இல்லையேல் அது வெறும் பொழுதுபோக்கே.

இதற்குத் தனிக் கட்டடமோ கணிப்பொறியோ வேண்டா. பழைய தாள்களும் இரண்டு கத்தரிக்கோலும் இரண்டு பாடவேளையும் போதும். நம்மைப் போன்ற அரசுக் கல்லூரிக்கு இதைவிடச் சிக்கனமான ஆய்வுக்கூடம் கிடையாது. அறிவியல் மாணவருக்குச் செய்முறை வகுப்பு உண்டு. பொருளியல் மாணவருக்கு மட்டும் ஏன் இல்லை? பருவத்துக்கு ஒருமுறையேனும் இத்தகைய வகுப்புக்கு இடமளிக்கப் பேராசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும். வாடகைக்குக் கத்தரிக்கோல் கேட்டு நின்றவர்களின் பணிவான வேண்டுகோள் இது.