ஒற்றைக் குழாய் ஏசியும் எண்ணூர்க் காற்றும்

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி, அறைக் காற்றையே உறிஞ்சி, வெப்பத்தை அதில் ஏற்றி, ஒற்றைக் குழாய் வழியே ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிறது. வெளியேறிய அளவு காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தே தீரும். எண்ணூர், திருவொற்றியூர் படுக்கையறைகளில் இதுவே பெருங்கவலை. நிலக்கரிச் சாம்பல், கன்டெய்னர் லாரிப் புகை, மணலி ஆலை நெடி எல்லாம் கூடவே நுழையும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் கடலோரக் குழாயில் அமோனியா கசிந்ததே, அப்படிப்பட்ட வேளையில் இந்த ஏசியை உடனே நிறுத்திவிட வேண்டும். இரட்டைக் குழாய் வகை, வெப்பத்தை வெளியேற்ற வெளிக்காற்றையே எடுத்துக்கொள்வதால் இந்தக் கேடு வெகுவாகக் குறைகிறது. கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லியே விற்க வேண்டும். குழாய் குட்டையாக, மடிப்பில்லாமல் இருப்பது நல்லது. ராயபுரத்துக் கடற்காற்றின் ஈரத்தில் ஏசியின் தண்ணீர்த் தட்டு சீக்கிரம் நிரம்பும். படுக்கும் முன் காலிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், திருவொற்றியூர்