பங்குக் கிணறும் இரண்டாயிரம் ரூபாயும்

நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக வங்கிக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் வந்து சேருகிறது. பி.எம். கிசான் பணம் என்று ஊரில் சொல்கிறார்கள். வந்த பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்லக்கூடிய சிறு விவசாயி அபூர்வம். உரக்கடைப் பாக்கி, நகைக்கடன் வட்டி, பிள்ளையின் பள்ளிச் செலவு என்று ஏதாவது ஒன்றில் கரைந்துவிடுகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 2024-இல் ஒரு மூட்டை டி.ஏ.பி. உரத்தின் விலை ரூ. 1,350. இரண்டு மூட்டைக்குக்கூடப் போதாத தொகையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

ஆனால் மற்ற வருமானம் எதற்கும் இல்லாத ஒரு குணம் இந்தப் பணத்துக்கு உண்டு. ஊரில் பட்டா வைத்துள்ள குடும்பங்களுக்கு இது ஏறக்குறைய ஒரே நாளில் வருகிறது. பால் பணம் ஒரு வீட்டுக்கு வாரத்தில் வரும். நெல் பணம் இன்னொரு வீட்டுக்கு அறுவடையில் வரும். கரும்புப் பணம் எப்போது வரும் என்பது ஆலைக்குத்தான் தெரியும். அண்ணன் கையிலும் தம்பி கையிலும் பக்கத்துக் காட்டுக்காரர் கையிலும் ஒரே சமயத்தில் பணம் இருப்பது இந்த மூன்று நாட்களில்தான். இதைப் பயன்படுத்திக்கொண்டால் இந்த உதவிப் பணத்தைப் பாசனத்துக்குத் திருப்பலாம் என்பதே நமது கருத்து. பங்குக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

திட்டத்தின் விவரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2018 டிசம்பரிலிருந்து கணக்கிட்டு, 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ. 6,000, மூன்று தவணை. முதலில் ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. அந்த ஆண்டே, சில விலக்குகள் நீங்கலாக, நிலமுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அன்று நிர்ணயித்த தொகை 2025 வரை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் வேளாண்மை நிலைக்குழு இதை ரூ. 12,000 ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. தொகை கூடினால் நல்லதே. அதுவரை கையில் வருவதை என்ன செய்வது என்பது நம் பொறுப்பு.

பாகப்பிரிவினையின்போது நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. தாத்தா வெட்டிய கிணறு அப்பா காலத்தில் கால் பங்கு, நம் காலத்தில் அரைக்கால் பங்கு. பத்திரத்திலும் கிணறு, மோட்டார், வண்டித்தடம் எல்லாவற்றிலும் எட்டில் ஒரு பங்கு என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கமலை இறைத்த காலத்தில் முறை வைத்து இறைத்தார்கள். மாடும் வடமும் அவரவருடையது. கிணற்றில் சேறு சேர்ந்தால் பங்காளிகள் எல்லாரும் கோடையில் இறங்கி அள்ளினார்கள். மோட்டார் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மின் இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கிறது. அவரும் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். காயில் எரிந்துபோனால் யார் பணம் போடுவது என்ற பேச்சு தொடங்குகிறது. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பங்காளி, 'நான் இந்த வருஷம் வெள்ளாமையே வைக்கவில்லை, நான் ஏன் தரவேண்டும்?' என்கிறார். இன்னொருவருக்கு மனம் இருக்கிறது, அன்றைக்குக் கையில் பணம் இல்லை. இப்படி இரண்டு கோடை போனால் கிணற்றின் ஒரு பக்கம் சரிந்து, ஊற்றுக்கண் அடைபட்டுப் போகிறது. கடைசியில் வசதியுள்ள பங்காளி தன் நிலத்தில் தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்கிறார். பொதுக் கிணற்றில் மிச்சமிருந்த ஊற்றும் அதோடு போய்விடுகிறது. பங்குக் கிணறுகள் பாழாவதற்கு மழைக் குறைவை மட்டும் காரணம் சொல்வது சரியல்ல.

எட்டுப் பங்காளிகள் உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தவணைப் பணத்தை எட்டுப் பேரும் அப்படியே போட்டால் ரூ. 16,000. ஓர் ஆண்டுக்கு ரூ. 48,000. கூலியும் சாமான் விலையும் ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், ஒரு தவணையில் காயில் கட்டி புட்வால்வு மாற்றும் வேலையையும், ஓர் ஆண்டுத் தொகையில் கிரேன் வைத்துச் சேறு எடுக்கும் வேலையின் பெரும் பகுதியையும் நினைத்துப் பார்க்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிணற்றில் கால் பங்கு உள்ளவருக்கும் அரைக்கால் பங்கு உள்ளவருக்கும் இரண்டாயிரம்தான் வருகிறது. முதல் தவணையைச் சமமாகப் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டு, மீதிச் செலவைப் பங்கு விகிதப்படி கணக்குத் தீர்ப்பதே வழக்கு வராத முறை. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் விடக்கூடாது.

செலவில் முன்பின் உண்டு. முதலில் சேறு எடுப்பதும் சுவர் கட்டுவதும். பிறகு மோட்டாரும் குழாயும். அதன்பின் மண் வாய்க்காலுக்குப் பதிலாக பி.வி.சி. குழாய் பதிப்பது. செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் கடைசி மடைக்காரருக்குத் தண்ணீர் போவதற்கு முன் வாய்க்காலே தன் பங்கைக் குடித்துவிடுகிறது. குழாய் பதித்தால் புதிதாக ஓர் அடி தோண்டாமலே தண்ணீர் கூடும். சேர்த்த பணத்தைக் கொண்டு உடனே புதுப் போர் போடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கு இணங்கவேண்டாம். தண்ணீர் வராத துளையில் போட்ட பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். எட்டுப் பேரின் ஒற்றுமையும் அந்தத் துளையோடு போகும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் தமிழ்நாட்டில் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் கிணறும் மோட்டாரும் ஒழுங்காக இருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

ரொக்கமாகக் கொடுத்தால் டாஸ்மாக்கில்தான் போய்ச் சேரும் என்று சொல்வோர் உண்டு. இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களாக இருப்பதை நாம் கவனித்திருக்கிறோம். உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளின் ரொக்க உதவித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். உதவிப் பணத்தால் குடியும் புகையிலைச் செலவும் பொதுவாகக் கூடவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. மெக்சிகோவில் ஏழைக் கிராமக் குடும்பங்கள் அரசு தந்த ஒவ்வொரு பெசோவிலும் 74 காசை வீட்டுச் செலவுக்கும் மீதியைத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் போட்டன என்று 2012-இல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது. கேட்பார் யாருமில்லாமலேயே நாலில் ஒரு பங்கு முதலீடாகியிருக்கிறது.

கென்யாவிலிருந்து வந்த விவரம் நமக்கு இன்னும் முக்கியம். அந்நாட்டின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் சில குடும்பங்களுக்கு உதவித் தொகையை மாதாமாதம் பிரித்தும், சில குடும்பங்களுக்கு மொத்தமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாதாமாதம் பெற்றவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். மொத்தமாகப் பெற்றவர்கள் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருள்களை வாங்கினார்கள் என்று 2016-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. சில்லறையாக வரும் பணம் அடுப்புக்கும் மொத்தமாக வரும் பணம் சொத்துக்கும் போகிறது.

ஆகவே மத்திய அரசுக்கு நாம் சொல்லக்கூடியது இது. கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்காவிட்டாலும், விரும்புகிற விவசாயிக்கு ஆண்டுத் தொகை ஆறாயிரத்தையும் ஒரே தவணையாகச் சித்திரை மாதத்தில் எடுத்துக்கொள்ள அனுமதி தரட்டும். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கி, இறங்கி வேலை செய்யக்கூடிய காலம் அதுதான். கார்த்திகையில் நிறைந்து கிடக்கும் கிணற்றுக்கு அனுப்புகிற பணம் சேறு எடுக்க உதவாது. பருவம் பார்த்துப் பணம் தருவது புதிய யோசனையும் அல்ல. தெலுங்கானாவில் 2018 மே மாதம் தொடங்கிய ரயத்து பந்து திட்டத்தில் ஏக்கருக்கு ரூ. 4,000 வீதம் பருவந்தோறும் சாகுபடிச் செலவுக்கென்றே கொடுத்தார்கள். பின்னர் அது ரூ. 5,000 ஆயிற்று. அங்கே நில வரம்பு வைக்காததால் நிறைய நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிறையப் போயிற்று. அந்தக் குறையை விட்டுவிட்டுப் பருவம் பார்த்துக் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாயையும் கிணற்றில் போடலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். அதில் கைவைக்கவேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். அது அடுப்படியைக் காக்கிற பணம். பெண்கள் பெயரில் வருவது. அது வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் இரண்டாயிரத்தைக் காட்டுக்கு ஒதுக்க முடிகிறது.

இந்த ஏற்பாட்டில் சேர முடியாதவர்கள் இரண்டு வகையினர். குத்தகைக்கு உழுபவருக்குப் பி.எம். கிசான் பணம் கிடையாது. காவிரிப் பாசனப் பகுதியில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். 2024-இல் அதே நிலைக்குழு குத்தகைதாரரையும் சேர்க்கச் சொல்லியிருந்தது. மற்றொரு வகையினர், 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு நிலம் கிரயம் வாங்கியவர்கள். வாரிசு உரிமையில் வந்த நிலத்துக்கு மட்டுமே அந்தத் தேதியிலிருந்து விலக்கு உண்டு. பங்காளிகளில் ஒருவர் தம் பாகத்தை விற்று, வாங்கியவர் இப்படி விடுபட்டவராக இருந்தால், அவரிடம் ரொக்கம் கேட்டு நிர்ப்பந்திப்பதைவிட ஆள் வேலையாகப் பெற்றுக்கொள்வது நியாயமாக இருக்கும். கிணற்றில் இறங்கிச் சேறு அள்ள ஆள் கிடைக்காத காலம் இது.