கலர் என்றால் கேவலமா?



தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குத் துணி எடுக்க வரும் பெரியவர் ஒருவர், பெட்டிக்கடையில் "ஒரு கலர் குடுப்பா" என்று கேட்டால் நம்மில் சிலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "கூல் டிரிங்க்ஸ்னு சொல்லத் தெரியாதா?" என்று கிண்டல் வேறு! எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது கலர்தான். விருந்தாளி வந்தால், "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கியாடா" என்பார் அம்மா. அதனால் இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தண்ணீரில் கரியமில வாயுவை அழுத்தி ஏற்றினால் சோடா. அதிலேயே சர்க்கரை, எசன்ஸ், சாயம் சேர்த்தால் கலர். எழுத்துத் தெரியாதவர்கூட ஆரஞ்சா, சிவப்பா, பச்சையா என்று கண்ணால் பார்த்துக் கேட்டு வாங்கலாம். கண்ணுக்குத் தெரிந்ததையே பேராக வைத்த ஜனங்கள் முட்டாள்களா?

சோடாவின் கதையும் ரசமானது. 1767-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி தண்ணீரில் இந்த வாயுவைக் கரைத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் சோடா உப்பு சேர்த்துத் தயாரித்ததால் 'சோடா வாட்டர்' என்றார்கள். பிறகு உப்பு இல்லாமலே வாயுத் தண்ணீர் வந்தது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது!

கோலி சோடா பாட்டிலை 1870-களில் உருவாக்கியவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக்கிவிடும். மெக்கானிக்கல் நண்பர்களே, நாம் படிக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இதுதானே! ஆங்கிலேயர் அதற்கு 'காட் பாட்டில்' என்று கண்டுபிடித்தவர் பேரை வைத்தார்கள். நம்மவர்கள் வேலை செய்யும் கோலியின் பேரை வைத்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 'கலர்' ஒன்றும் பட்டிக்காட்டுச் சொல் இல்லை, அதுவும் இங்கிலீஷ்தான்! லண்டன்காரர் சாதாரணமாக 'கூல் டிரிங்க்ஸ்' என்று சொல்வதில்லை; 'ஃபிஸி டிரிங்க்' என்பார். அமெரிக்காவில் ஓரிடத்தில் 'சோடா', இன்னோரிடத்தில் 'பாப்'. தெற்கே பலருக்கு எதைக் குடித்தாலும் 'கோக்'. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 'ஜிஞ்சர்'. ஊருக்கு ஊர் ஒரு பேர். இதில் உயர்த்தி எது, மட்டம் எது?

'கலர்' என்று பெண்களைக் குறிக்கிற ஒரு வழக்கமும் நம்மிடையே உண்டு. வெட்கப்பட வேண்டுமானால் அதற்கு வெட்கப்படுவோம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். என்னைப் போன்றவர்கள் வைவாவில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்க்கிறேன். பாடம் தெரியாமல் இல்லை. தப்பான சொல் வந்தால் சிரிப்பார்களே என்ற பயம்! ஒரு சொல்லுக்குச் சிரிப்பது நமக்கு விளையாட்டு. அவனுக்கு அது மார்க், வேலை, வீட்டின் எதிர்பார்ப்பு.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கற்போம், வேலைக்கு அது வேண்டும். ஆனால் ஒர்க்ஷாப்பில் ஒருவன் ஸ்பேனரை 'பானா' என்றால் சிரிக்காதீர்கள். அவன் அதைப் பிடித்து வேலை செய்த கையோடு வந்தவனாக இருக்கலாம். 'ஸ்பேனர்' என்று மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். அந்த நட்டைக் கழற்றும் விதத்தை அவனிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்