போரில் பட்டவனுக்கு வேண்டியது பிண்டமா, பெயரா?

யுத்தத்தில் மாண்டுபோன சிப்பாய்களுக்கு மரியாதை செய்யக்கூடாது என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை; சொல்லவும் மாட்டோம். ஊராருக்காக உயிரைக் கொடுத்தவனை ஊரார் நினைத்திருப்பது மனிதத்தன்மையாகும். அவனைப் பெற்றவள் அவன் படத்தின் முன் உட்கார்ந்து அழுவதைப் பரிகசிப்பவர்களும் அல்ல நாம். ஆனால் அவன் பேரால் இந்நாட்டில் நடந்துவரும் சடங்கும் பூசையும் அவனுக்குச் செய்யும் மரியாதைதானா, அல்லது அவனுக்குப் பட்ட கடனைத் தட்டிக்கழிக்கக் கண்டுபிடித்த வழியா என்பதே நமது கேள்வி.

முதலில் சாஸ்திரக்காரர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். சண்டையில் செத்தவனுக்குச் சொர்க்கம் நிச்சயம் என்கின்றது கீதை. சண்டை வேண்டாமென்று வில்லைக் கீழே போட்ட அர்ச்சுனனை எழுப்பிவிடக் கிருஷ்ணன் காட்டிய ஆசை இது. சரி, அப்படியே இருக்கட்டும். நேரே சொர்க்கம் போனவனுக்கு இங்கிருந்து எள்ளும் தண்ணீரும் எதற்கு? அதே சாஸ்திரக்காரர்கள், ஆயுதத்தால் செத்தது துர்மரணம், நாராயணபலி செய்யாவிட்டால் அவனுக்குக் கதியில்லை என்றும் சொல்லுகின்றார்கள். ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்றே மகாளய பட்சத்தில் சதுர்த்தசித் திதியைத் தனியாக ஒதுக்கியும் வைத்திருக்கின்றார்கள். ஒரே சாவு, ஆளைச் சண்டைக்கு அனுப்பும்போது சொர்க்கமாகவும், தட்சணை வாங்கும்போது துர்மரணமாகவும் ஆகிவிடுகின்றது! இரண்டும் மெய்யாயிருக்க முடியுமா? திருப்புவனத்தில் வைகைக்கரையில் சாம்பல் பூவாகும் என்று நம்பிப் போகிறவர்களும், ராமேசுவரத்துக்கு ரயிலேறுகிறவர்களும் புரோகிதரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு மடியை அவிழ்க்கட்டும்.

இனி மதுரைக்கே வருவோம். மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்தண்டை மதுரைவீரன் இருக்கின்றான். கதைப்படி அவன் யார்? அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன். மதுரையை ஆண்ட நாயக்க ராஜாவுக்காகக் கொள்ளைக்காரர்களை அடக்கியவன். அதற்கு அவனுக்குக் கிடைத்த கூலி என்ன? மாறுகால் மாறுகை வாங்கினார்கள். பிறகு பயந்துகொண்டு அவனையே சாமியாக்கிக் கும்பிட்டார்கள். இது கதைதான், சரித்திரமென்று நாம் சாதிக்கவரவில்லை. ஆனாலும் கதை கட்டியவர்களின் மனம் அதில் தெரிகின்றதல்லவா? கொன்றதற்கு விசாரணை கிடையாது. பொங்கலும் கிடாயும் சுருட்டும் உண்டு! சாமியான பிறகும் அவனுக்குக் கிடைத்த உத்தியோகம் வாசற்காவல்தான். ஒருவனைச் சாமியாக்கிவிட்டால் அவனிடம் வரம் கேட்கலாமே தவிர, அவனை அனுப்பியது யார், கொன்றது யார், எதற்காக என்று கேட்பவன் தெய்வ நிந்தனைக்காரன் ஆகிவிடுகின்றான். இந்தச் சௌகரியத்துக்காகத்தான் சாமியாக்குவது!

கதைதான் இப்படி என்றால், நிஜமாய் மாண்டவர்கள் வீட்டுக் கதி என்ன? உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கங்களில் மாலைக்கோவில் என்று கும்பிடப்படும் கற்களைத் தோழர்கள் பார்த்திருக்கலாம். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும் செதுக்கப்பட்டிருப்பாள். அவனோடு தீயில் இறங்கியவள் அவள். மாண்டவனுக்கு நம் பக்தி செய்த மரியாதை, அவன் பெண்சாதியையும் கொளுத்தியது! சென்னை ராஜதானியில் 1830-இல் சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நெருப்பு அணைந்தது, புத்தி மாறியதா? இன்றும் தேசியக்கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வரும் நாளில் அவள் “வீரனின் மனைவி”. பதினாறாம் நாள் பூவையும் பொட்டையும் பறித்துத் தாலியை வாங்கிவிட்டால் அவள் கலியாண வீட்டில் எதிரே வரக்கூடாத அமங்கலி. செத்தவன் தெய்வம், அவன் பெண்சாதி அபசகுனம் என்றால் இது எந்த ஊர் மரியாதை?

சாதியின் கொழுப்போ இதைவிடப் பெரிது. 1914-இல் தொடங்கிய ஜெர்மன் யுத்தத்தில் மெசபொடேமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போன சென்னைப் பட்டாளங்களில் ஆதிதிராவிடத் தோழர்கள் ஏராளம். உயிரோடு திரும்பிவந்தவனுக்குக்கூட மீனாட்சி கோவில் வாசற்படி 1939 ஜூலை 8 வரை திறக்கவில்லை. அது பழைய காலம் என்பார்கள். 2016-இல் காஷ்மீரத்துப் பாம்பூரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு மத்திய ரிசர்வ் போலீஸ் வீரனின் உடலை எரிக்கப் பொது நிலத்தில் சிறிது இடம் கேட்டபோது, ஐக்கிய மாகாணமாயிருந்து இன்று உத்தரப்பிரதேசமாயிருக்கும் நாட்டில், அவன் சொந்த ஊர் மேல்சாதியார் ஆட்சேபித்தார்கள். அதிகாரிகள் தலையிட்ட பிறகே இணங்கினார்கள். நாட்டுக்காகச் செத்தாலும் சாதி சாகவில்லை!

வெள்ளைக்காரன் யோக்கியன் என்று நாம் சொல்லவரவில்லை. அந்த யுத்தத்தில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 74,000 பேர். மாண்டவர்களில் அந்தஸ்து, இனம், மதம் என்ற பேதம் இல்லை என்று கல்லறைக் கமிஷன் பெருமையடித்துக்கொண்டது. ஆனால் 1929-இல் பஸ்ராவில் திறந்த ஞாபகச்சின்னத்தில் வெள்ளையருக்கும் இந்திய ஆபீசர்களுக்கும் பெயர் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை! இந்தப் பட்டாளத்தில் இத்தனை உருப்படி என்று மூட்டைக்கணக்கு! நம் ஊர்களில் பதித்த கல்லிலும், இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்குத்தான். தொண்ணூறு வருஷங்களுக்கு மேல் கழித்து 2021-இல்தான் அந்தக் கமிஷன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் சாஸ்திரக்காரர்கள் எந்த வருஷம் மன்னிப்புக் கேட்கப் போகின்றார்கள்?

அப்படியானால் எப்படித்தான் மரியாதை செய்வது என்று கேட்கலாம். அதற்கு நாம் பிலாத்திக்கும் போகவேண்டாம், காசிக்கும் போகவேண்டாம். 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் ஆண்டிபட்டித் தாலூகா புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. அதில் ஒன்றில் என்ன வெட்டியிருக்கின்றது? கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டையில் மாண்ட அந்தவன் என்பவனுடைய கல் இது என்பதுதான். பெயர் இருக்கின்றது, ஊர் இருக்கின்றது, செத்த காரணம் இருக்கின்றது. சொர்க்கமும் மோட்சமும் வரமும் அந்த எழுத்தில் இல்லை. அக்காலத்தாரும் நடுகல்லுக்குக் கள்ளும் மயிற்பீலியும் வைத்தார்களே என்று பண்டிதர்கள் சொல்லுவார்கள். வைத்தார்கள், அந்த வழக்கத்தை நாம் தாங்கிப் பேசவில்லை. ஆனால் மாட்டுச் சண்டையில் மாண்ட ஒரு ஆளின் பெயரைக் கல்லில் வெட்டும் அறிவு அவர்களுக்கு இருந்தது. அந்தக் கள் போய்விட்டது, பீலி போய்விட்டது. பெயர் இன்னும் நிற்கின்றது.

ஆகவே தோழர்களே! உங்கள் ஊரில் பட்டாளத்தில் மாண்டவர் இருந்தால், அவர் பெயரையும் மாண்ட இடத்தையும் வருஷத்தையும் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வையுங்கள். சாதிப்பட்டம் சேர்க்காதீர்கள்; 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டிலேயே அதை விட்டொழிக்கத் தீர்மானித்தாயிற்று. சேரியான், ஊரான் என்று இரண்டு கல் நடாதீர்கள். வருஷத்துக்கொரு நாள் கூடி அவர் எப்படிப்பட்டவர், எந்தச் சண்டையில், யார் உத்தரவில் செத்தார் என்று பேசுங்கள். அவர் மனைவியைத் தலைமை வகிக்கச் செய்யுங்கள். அவள் மறுபடி மணக்க விரும்பினால் குறுக்கே நிற்காதீர்கள். அவள் பென்ஷன் காகிதம் எந்த ஆபீசில் முடங்கிக் கிடக்கின்றதென்று விசாரித்து, எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடப் போய் வாருங்கள். திதிக்கு எடுத்துவைத்த பணத்தில் அவர் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குங்கள்.

மாண்டவனுக்குப் பசியில்லை, எள்ளுருண்டை வேண்டாம். அவன் விட்டுப்போன பிள்ளைக்குப் பசி இருக்கின்றது. பிண்டத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுவது பக்தியா, மோசமா என்று யோசித்துப் பார்ப்பீர்களாக!