யாரால்? எதனால்?

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. உழவு சோறளிக்காத அவ்விடத்தில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் மக்களை வாழ்விக்கின்றன. நெருப்போடு நெருங்கி வாழும் அம்மக்கள் நெருப்பின் இயல்பை நன்கு அறிவர். மருந்துக் கலவையை அழுத்தித் தேய்த்தல் ஆகாது. உராய்வினால் தீ எழும். மிஞ்சிய மருந்தை மறுநாளைக்கு வைத்தல் ஆகாது. ஈரம் பட்டால் அது தானே சூடேறும். ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் இருத்தல் ஆகாது. தீப்பற்றினால் வெளியேற வழி இராது. இவையெல்லாம் பல உயிர்களை இழந்து பெற்ற பாடங்கள். விபத்து நேர்ந்தபோதெல்லாம், ‘எதனால் நேர்ந்தது?’ என்று வினவியதால் கிடைத்த பாடங்கள். ‘யார் வைத்த சூனியம்?’ என்று வினவியிருந்தால் ஒரு பாடமும் கிடைத்திராது, ஏழை ஒருத்தி பழி சுமந்திருப்பாள், அவ்வளவே.

துன்பம் வரும்போது மனித உள்ளத்தில் இவ்விரு வினாக்களும் எழுகின்றன. ‘எதனால்?’ என்னும் வினா அறிவை வளர்க்கும், ‘யாரால்?’ என்னும் வினா பழியைத் தேடும். அப்பழி பெரும்பாலும் யார் தலைமேல் விழுகிறது என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அமெரிக்காவின் மாசச்சூசெட்சுப் பகுதி ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த காலம் அது. அங்கே சேலம் என்னும் பெயருடைய ஊர் ஒன்று உண்டு. பியூரிட்டன்கள் எனப்பட்ட கடுஞ்சமயப் பற்றுடையோர் அங்கு வாழ்ந்தனர். 1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ச் சமயகுருவின் வீட்டுச் சிறுமியர் இருவர் திடீரெனக் கூச்சலிட்டனர். உடலை முறுக்கிக்கொண்டு துடித்தனர். நோய் இன்னதென்று விளங்கவில்லை. மாந்திரீகமே காரணம் என்று ஊரார் முடிவு செய்தனர். போர் அச்சமும் நிலத்தகராறும் குடும்பப் பகையும் ஏற்கனவே அவ்வூரைக் கலக்கியிருந்தன. உலர்ந்த மருந்தின்மேல் பொறி விழுந்தது போல் ஐயம் எங்கும் பற்றிக்கொண்டது.

முதன்முதலில் குற்றம் சாட்டப்பட்டோர் மூன்று பெண்கள். ஒருத்தி டிட்டூபா என்னும் அடிமை. மற்றொருத்தி வீடுவீடாகச் சென்று இரந்து உண்ட சாரா குட். மூன்றாமவள் நோயாளியாகிய சாரா ஆசுபர்ன். சொத்து வழக்கில் சிக்கி ஊராரின் வெறுப்புக்கு ஆளானவள். மூவருக்கும் பரிந்து பேச ஊரில் வலியவர் எவரும் இலர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. அது கடல் கடந்த ஊருக்கும் பொருந்தியது. சாரா ஆசுபர்ன் சிறையிலேயே இறந்தாள். சாரா குட் தூக்கிலிடப்பட்டாள். நான்கு வயதேயான அவள் மகளும் விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடந்தாள்.

மூட்டிய தீ ஏழையின் குடிசையோடு நிற்கவில்லை. நற்பெயர் பெற்ற மூதாட்டி இரெபெக்கா நர்சும் தூக்குமேடை ஏறினார். 150க்கும் மேற்பட்டோர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். முதியவர் ஒருவர் கல் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். இறுதியில் ஆளுநரின் மனைவியைப் பற்றியும் ஐயம் பேசப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் ஆளுநர் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார். அடிமையும் இரவலளும் அழுதபோது அசையாத அதிகாரம், ஐயம் உயர்ந்தோர் வாயிலை எட்டியபின் அசைந்தது. அதன் பின்னரும் நீதி ஒரே அளவாக இல்லை. குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோரும் சிறைச்செலவைக் கட்டினால்தான் வெளியே வரலாம் என்பது அக்காலத்து முறை. பணமுடையோர் வீடு திரும்பினர். டிட்டூபா மேலும் பல திங்கள் சிறையில் வாடினாள்.

இக்கொடுமையைச் செய்தோர் கல்லாதவர் அல்லர். தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் சுடௌட்டன் ஆர்வர்டு கல்லூரியில் பயின்றவர். குற்றம் சாட்டப்பட்டவளின் ஆவியுருவம் தம்மை வருத்தியது என்று சிறுமியர் சொன்னதையும் அவர் சான்றாக ஏற்றார். ஆராயும் துணிவு இல்லையேல் ஏட்டுக்கல்வி ஒருவரைக் காவாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இஃது எங்கோ, என்றோ நடந்தது என்று தள்ளிவிடுதல் இயலாது. இந்தியாவில் சார்க்கண்டு, பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களில் சூனியக்காரி என்னும் பழி இன்றும் பெண்களின் உயிரைக் குடிக்கிறது. குழந்தை நோயுற்றாலும் மாடு மடிந்தாலும் பழி விழுவது பெரும்பாலும் துணையற்ற கைம்பெண்மீதே. அவளிடம் சிறிது நிலம் இருப்பின், அதன்மேல் கண்வைத்த உறவினரே பழியைத் தொடங்குவதும் உண்டு. இதனைத் தடுக்கப் பீகாரில் 1999இல் தனிச்சட்டம் செய்யப்பட்டது. பிற மாநிலங்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின.

அசாமைச் சேர்ந்த பீருபாலா இராபாவின் மகன் மனநோயுற்றபோது, அவன் மூன்று நாளில் இறப்பான் என்று மந்திரவாதி ஒருவர் கூறினார். மூன்று நாளும் கழிந்தன, மகன் இறக்கவில்லை. அன்று விழித்த அத்தாய், சூனியப் பழிக்கு ஆளான பெண்களைக் காப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். சார்க்கண்டின் சுட்னி மகதோ தாமே அப்பழி சுமந்து அடிபட்டவர். பின்னர்ப் பிற பெண்களை மீட்டவர். இவ்விருவருக்கும் 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தமிழ்நாடும் இக்குற்றத்திலிருந்து முற்றும் நீங்கியது அன்று. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் திரிகின்றனர் என்ற வதந்தி கைப்பேசிகளின் வழியே பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற முதிய பெண் ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அன்பினால் கொடுத்த மிட்டாயே அவருக்கு எமனாயிற்று. கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அந்நாட்களிலேயே பழவேற்காட்டில், வீடுவாசலற்றுத் திரிந்த ஒருவரும் அதே ஐயத்தால் கொல்லப்பட்டார். ஒருவர் ஊருக்குப் புதியவர், மற்றவர் கேட்பாரற்றவர். சேலத்தில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். மதுரைக்குப் புதியவனாய் வந்த கோவலனைப் பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கொல்வித்த பாண்டியன் கதையைத் தமிழர் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வருவது எதற்காக? ஆராயாத ஒரு சொல் அரசையே வீழ்த்தும் என்பதை மறவாமல் இருத்தற்காக அன்றோ?

இப்பாடம் பட்டாசு நிலத்திற்கும் உரியது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய துயரங்களில் இறந்த தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. மறுத்துப் பேச அவன் உயிரோடு இல்லை. சூனியம் என்னும் சொல் அங்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் வாயற்றவர் தலையில் பழியை ஏற்றும் மனம் ஒன்றே. ஓர் அறையில் அத்தனை பேரை அமர்த்தியது எதனால்? அத்தனை மருந்தைக் குவித்தது எதனால்? இவ்வினாக்களை வலியவர் முன்னும் அஞ்சாமல் எழுப்புவதே ஆராய்ச்சி.

நெருப்பைப் பழகியவர் பொறி விழுமுன் விழித்திருப்பர். ஐயமும் ஒரு பொறியே. ஊரார் ஒருவரை நோக்கி விரல் நீட்டும்போது, ‘சான்று எங்கே?’ என்று கேட்கும் ஒரு குரல் எழுமாயின் அப்பொறி அவியும். அக்குரல் ஓர் இளைஞனுடையதாகவோ இளம்பெண்ணுடையதாகவோ இருக்கலாம். கல்வியின் பயன் அக்குரலே ஆகும்.