பாலாறு ஈரநிலம் இல்லையாம்!

பிப்ரவரி 2 வந்தால் ஈரநில நாள் என்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விடுகிறார்கள். 1971-இல் அதே தேதியில் ஈரான் நாட்டு ராம்சார் ஊரில் 18 நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தின் நினைவு. இந்தியா 1982-லேயே சேர்ந்துவிட்டது. பிரான்ஸ் 1986-இல்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்!

ஒப்பந்தத்தைப் பிரெஞ்சிலேயே படித்தேன். இயற்கையானாலும் மனிதன் வெட்டினாலும், நிரந்தரமானாலும் தற்காலிகமானாலும், நிற்கும் நீரானாலும் ஓடும் நீரானாலும் ஈரநிலம்தான். 'தாம்போரேர்' என்ற சொல்லைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மழைக்கு மட்டும் ஓடி மற்ற நாளில் மணலாய்க் கிடக்கும் நம் பாலாற்றைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ!

பிறகு நம் அரசின் 2017 ஈரநில விதிகளைப் படித்தேன். ஆற்றின் ஓடுபாதை சேராது. நெல்வயல் சேராது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் வெட்டிய ஏரி சேராது. முப்பது வருஷம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், ஒரு விதியைச் சாகடிக்க 'நீங்கலாக' என்ற ஒரு சொல் போதும். பாலாறு போச்சு, அதை நம்பிய ஏரிகளும் போச்சு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ராம்சார் தலங்கள் 20 ஆயின. வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் ஒன்றுகூட இல்லை.

டேனரியை மூடச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள். எங்கள் தெருவே தோலில் சோறு தின்ற தெரு. ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்ததையும் பார்த்தேன், எங்கள் வீட்டுக் கிணறு உப்பானதையும் பார்த்தேன். இப்போது சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன, சரி. முன்பே மண்ணுக்குள் இறங்கியதை யார் எடுப்பது?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் நம் வேலூர் வழக்கில்தான் சொன்னது. 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. தோல் கப்பலேறி ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிறது, உப்பு இங்கேயே தங்கிவிடுகிறது. அந்த நாடுகளும் ராம்சாரில் உறுப்பினர்கள்தாமே? சர்வதேச ஒத்துழைப்பு என்றால் கருத்தரங்கில் காபி குடிப்பதா? மண்ணைக் கழுவும் செலவில் பங்கு கொடுக்கட்டும். அதைக் கேட்கும் வாய் தில்லிக்கு வர வேண்டுமானால், முதலில் அந்த 'நீங்கலாக' போக வேண்டும்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புவோர் மாலையில் வீட்டுக்கு வரலாம். டீ உண்டு, கேன் தண்ணீரில்.