வயதையும் சேர்த்து எண்ணுங்கள்

மாண்புமிகு மலேசியச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

பெக்கான் நானாஸிலிருந்து எழுதுகிறேன். அன்னாசித் தோட்டத்தில் முதுகொடிய உழைத்த என் அம்மாவுக்கு வயது 74, இனிப்புநீரும் உண்டு. குளிக்கக் காய்ச்சிய வெந்நீரைத் தூக்கும்போது கை தளர்ந்து, தொடை முழங்கால் எல்லாம் கொட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய்ப் பற்பசை தடவினார். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விட்டிருக்க வேண்டும், மற்ற உடம்பைக் குளிராமல் போர்த்தியிருக்க வேண்டும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"அவ்வளவா வலிக்கலம்மா" என்றார் அம்மா. அதைக் கேட்டு நிம்மதிப்பட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் வெந்துவிடும், வலி தெரியாது. முதலில் போன இடத்தில் மருந்து கட்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அந்த இடம் வெளிறிப் பதனிட்ட தோல்போல் தடித்துவிட்டது.

வெந்த பரப்பைக் கணக்கிட ஒரு வழி உண்டு: நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு. அம்மாவுக்கு 12 உள்ளங்கை வெந்திருந்தது. 1961-இல் செர்ஜ் போ என்ற பிரெஞ்சு மருத்துவர், வெந்த விழுக்காட்டோடு வயதையும் கூட்டச் சொன்னார். தொகை ஏற ஏற உயிராபத்தும் ஏறும். அதே காயம் 24 வயதுப் பிள்ளைக்கு 36. அம்மாவுக்கு 86. மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது, உண்மைதான். ஆனாலும் முதியவரின் தோல் மெலிந்தது. ஒட்டுவதற்குத் தோல் எடுத்த இடமே ஆற நாளாகும். இரத்தக்குழாய் வழியே ஏற்றும் நீர் குறைந்தால் சிறுநீரகம் கெடும், மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

ஆகவே ஐயா, 60 வயதைத் தாண்டியவர் தீக்காயத்தோடு வந்தால், காயம் சிறியதாகத் தெரிந்தாலும், அன்றைக்கே படமெடுத்துத் தீக்காய நிபுணருக்கு அனுப்பும்படி ஒவ்வொரு கிளினிக்குக்கும் உத்தரவிடுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு எங்களுக்குச் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவு; படம் போக ஒரு நிமிடம் போதும். காயம் ஆறியபின் முழங்கால் இறுகாமலிருக்கச் செய்யும் பயிற்சியையும் ஊரிலேயே கொடுங்கள். நடக்க முடியாதவரைக் காரில் தூக்கி வைத்து வாரம் 3 முறை ஜொகூர் பாரு போய்வர எல்லா வீட்டிலும் ஆள் இல்லை.

அம்மாவுக்கு வலது முழங்கால் இப்போது பாதிதான் மடங்குகிறது. சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கேற்றியவர், சுவரைப் பிடித்து நின்றபடி ஏற்றுகிறார்.

பணிவுடன்,
பெக்கான் நானாஸ் மகள் ஒருத்தி